பீரோவுக்குள் ஒரு வருடம்

பெட்டிச் சாவியைத் தரமாட்டேன் என்று காளியாத்தாள் வாயால் சொல்லவில்லை. டிரங்குப் பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான். எதிரே மகள் அபிநயா தலை பின்னி, ஐடிஐயில் கொடுத்த நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நின்றாள். எட்டேகால் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"ஏம்மா, மணியப் பாரு. சர்டிபிகேட்ட எடுத்துக் குடு."

"எதுக்கு?"

"எத்தன தடவ சொல்றது. புதுச்சத்திரம் பட்டறைல இன்னைக்குச் சேரோணும். ஒரிஜினல் எல்லாம் கொண்டாரச் சொல்லியிருக்காங்க."

"ஆரு சொன்னது, கவர்மெண்டா, பட்டறைக்காரரா?"

அபிநயா யோசித்தாள். அரசாங்கத்தின் இணையதளத்தில் அவள் பெயரையும் வெல்டர் படிப்பையும் பதிந்தபோது சர்டிபிகேட்டைப் படம் பிடித்து ஏற்றச் சொன்னார்களே தவிர, எங்கேயும் கொண்டுவந்து கொடு என்று கேட்கவில்லை. கேட்டது பட்டறையிலிருந்து வந்த போன்தான்.

"பட்டறைல இருந்துதான் சொன்னாங்க. பாத்துட்டுக் குடுத்துருவாங்கம்மா. இது பதிவு பண்ணுன அப்ரண்டிஸ்."

"அப்ரண்டிஸுன்னு சொல்லித்தான் என்னையுங் கூட்டிட்டுப் போனாங்க."

அந்தச் சொல்லை மகள் வீட்டுக்குள் கொண்டுவந்த நாளிலிருந்தே காளியாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்துநாலு வருடத்துக்கு முன்னால், பத்தாவதில் ஐந்நூறுக்கு நானூற்றுப் பன்னிரண்டு வாங்கி, காலனியே வாயைப் பிளந்து பார்த்த பெண் அவள். ஒரு புரோக்கர் வந்தான். நூல் மில்லில் மூன்று வருடம் அப்ரண்டிஸ், விடுதி, சாப்பாடு, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்றான். மில் ஆபீசில் அவள் மார்க் ஷீட்டை வாங்கி ஒரு பச்சை ஃபைலில் சொருகி, "போகும்போது வாங்கிக்க" என்றார்கள். இரண்டு வருடம் பத்து மாதம் முடிந்த ஒரு காலையில், உனக்கு உடம்பு சரியில்லை என்று அவர்களே முடிவு செய்து அவளைப் பஸ் ஏற்றிவிட்டார்கள். மூன்று வருடம் முடியவில்லையாம், அதனால் பேசினது எதுவும் கிடையாதாம்.

பணத்தைக்கூட அவள் மறந்துவிட்டாள். மார்க் ஷீட்டை மட்டும் மறக்கவில்லை. மூன்று முறை கேட்கப் போனாள். முதல் முறை மேனேஜர் இல்லை, இரண்டாம் முறை சாவி இல்லை, மூன்றாம் முறை வாட்ச்மேன் கேட்டையே திறக்கவில்லை. பிறகு மில்லே கைமாறிவிட்டது. அங்கன்வாடியில் வேலை வந்தபோது சர்டிபிகேட் கேட்டார்கள். நகல் வாங்கலாம், அதற்குக் காணாமல் போய்விட்டது என்று போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். "காணாமப் போகலீங்க, மில்லுல இருக்குது" என்றாள் காளியாத்தாள். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள், நீயும் எழுதிக் கொடு என்று ஆபீசில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். மாட்டேன் என்று வந்துவிட்டாள். அந்தப் பிடிவாதத்துக்குக் கிடைத்த பரிசு, கோழிப்பண்ணையில் பதினாறு வருடமாக முட்டை பொறுக்கும் வேலை. புருஷன் அங்கமுத்து போர் போடும் ரிக் லாரியில் வடக்கே போய்விடுவான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து தூங்கிவிட்டுப் போவான். வீட்டு விஷயம் எதைக் கேட்டாலும் போனில், "நீயே பாத்துக்க" என்பான்.

அவளும் பார்த்துக்கொண்டாள். பெட்டியைத் திறந்து, மகளின் பத்தாவது மார்க் ஷீட், ஐடிஐ சர்டிபிகேட், சாதிச் சான்று எல்லாவற்றையும் எடுத்து ஒரு மஞ்சப்பையில் போட்டுத் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"நானும் வாரேன். நட."

புதுச்சத்திரத்தைத் தாண்டி மெயின் ரோட்டோரம் இருந்தது பட்டறை. லாரிக்கு டேங்கர் கட்டுகிற இடம். ஆபீஸ் அறையில் முதலாளி மருதாசலம் பெரிய நாற்காலியில் இருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பச்சை பீரோ. அதன் நிறத்தைப் பார்த்ததுமே காளியாத்தாள் பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். அதே நாளில் அப்ரண்டிஸாகச் சேர வந்திருந்த இனியன் என்ற பையனும் அவன் அப்பாவும் அவற்றில் உட்கார்ந்து கண்ணாடி கிளாஸில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முதலாளிக்கு உறவுக்காரர்கள். தாய்க்கும் மகளுக்கும் பேப்பர் கப்பில் டீ வந்தது, நின்றபடி குடித்தார்கள். இந்தக் காலத்தில் யாரும் தனி டம்ளர் வைப்பதில்லை. பேப்பர் கப் வந்தபிறகு அந்தப் பாவம் சுத்தமாகத் துடைக்கப்பட்டுவிட்டது, குப்பைக்கூடைதான் கொஞ்சம் நிறைகிறது.

முதலாளியின் மகன் ஜெகதீஸ்வரன் இன்ஜினியரிங் படித்தவன். பட்டறையை அரசாங்கத்தின் அப்ரண்டிஸ் திட்டத்தில் பதிந்தவனே அவன்தான். தமிழில் அச்சடித்த ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினான். காளியாத்தாள் மகளை முந்திக்கொண்டு கைநீட்டி வாங்கினாள். வரிவரியாக விரலை வைத்துப் படித்தாள். முட்டை பொறுக்கும் பெண்பிள்ளை ஒப்பந்தம் படிப்பதை மருதாசலம் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் பார்த்தார்.

"ஒரு வருசம்னு போட்டிருக்குதே. பத்து மாசத்துல உடம்பு சரியில்லன்னு அனுப்பிச்சுட்டீங்கன்னா?"

"அப்பிடி அனுப்ப முடியாதுங்க. ஒப்பந்தம் கவர்மெண்ட்ல பதிவாயிருது. நாங்க பாதில நிறுத்துனா அவங்களுக்குக் காரணம் சொல்லோணும்."

"சம்பளம் ஆரு கைல குடுப்பீங்க?"

"கைலயே குடுக்கறதில்லீங்க. அந்தப் புள்ளையோட பேங்குக் கணக்குக்கே போயிரும். அதுல ஒரு பங்கு கவர்மெண்ட் குடுக்கும்."

"தங்கறது?"

"தெனமும் ஊட்டுக்கு வந்தரலாமுங்க. வருசம் முடிஞ்சா பரீட்சை. பாஸாயிட்டா இந்தியா பூராவும் செல்லற சர்டிபிகேட், அந்தப் புள்ள பேர்ல."

"அதுக்கப்பறம் இங்கயேதான் இருக்கோணுமா?"

"அவங்களுக்கும் கட்டாயமில்ல, எங்களுக்கும் கட்டாயமில்லீங்க."

காளியாத்தாள் ஒப்பந்தத்தை மேஜையில் வைத்தாள். எல்லாம் நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இத்தன நல்லது எங்களுக்குன்னா, உங்களுக்கு என்னங்க?"

ஜெகதீஸ்வரன் சிரித்துவிட்டான். "நாங்க ஒண்ணும் தருமம் பண்ணலீங்க. இப்ப வர்ற ஆளுக மூணு மாசத்துல நின்னுக்கறாங்க. பத்து டேங்க் பண்ணுனா நாலு ஒழுகுது, பிரிச்சு மறுபடி ஒட்டறோம். ஒரு வருசம் ஒழுங்காச் சொல்லிக் குடுத்தா எங்க வேலைக்குத் தகுந்த ஆள் எங்களுக்கே கெடைக்குது. அந்தச் செலவுலயும் கவர்மெண்ட் பங்கு போடுது. எனக்கு லாபம்தாங்க."

தனக்கு என்ன லாபம் என்று அவன் வாய்விட்டுச் சொன்னபிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது. உனக்கு நல்லது செய்யவே வந்திருக்கிறேன் என்று சொன்னவன் ஒருத்தனைத்தான் அவள் வாழ்க்கையில் நம்பினாள், அவன் அந்த மில் புரோக்கர். சரி, கையெழுத்துப் போடு என்பதுபோல் மகளைப் பார்த்தாள்.

அபிநயா பேனாவை எடுத்தபோது மருதாசலம் தொண்டையைச் செருமினார்.

"அதெல்லாஞ் செரி. அந்தப் புள்ளையோட ஒரிஜினல வாங்கிப் பீரோல வையி."

"அப்பா, அது வேண்டாங்க. எல்லாத்தயும் ஆன்லைன்ல பாத்தாச்சு. ஒப்பந்தத்துலயும் அப்பிடி இல்ல."

"ஒப்பந்தம் கவர்மெண்டுக்கு. பீரோ நமக்கு. இருவது வருசமா நம்ம பட்டறை வழக்கம் இது."

இனியனின் அப்பா தன் பையிலிருந்த ஃபைலை எடுத்து மேஜையில் வைக்கப் போனார். மருதாசலம் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"உங்களுது எதுக்கு மாப்ள. எடுத்து உள்ள வையிங்க."

காளியாத்தாளின் வாய் அதன் பாட்டுக்குக் கேட்டுவிட்டது. "அந்தத் தம்பியுது வேண்டாமுங்களா?"

"அவன் நாளைக்கே நின்னுக்கிட்டான்னு வெய்யி, அவங்கப்பன் ஊட்டுக்குப் போயி வாசல்ல நின்னு கேப்பேன். உங்கள நான் எங்க வந்து கேக்கறது அம்மிணி?"

காலனி மூன்று கிலோமீட்டர்தான். பஸ் போகிறது. ஆனால் அவர் அதற்குள் கால் வைக்கமாட்டார். அதைத்தான் இவ்வளவு பதவிசாகச் சொன்னார். ஜெகதீஸ்வரன் குனிந்து ஏதோ காகிதத்தைத் தேடினான். அபிநயாவின் முகம் கெஞ்சியது, கொடுத்துவிடும்மா, இது போய்விட்டால் அடுத்தது எப்போது வருமோ என்று. பொண்ணு வெல்டரா என்று கேட்டுச் சிரித்த ஆறு பட்டறைகளை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

காளியாத்தாள் மஞ்சப்பையைச் சேலைத் தலைப்புக்குள் தள்ளினாள்.

"குடுத்தர்றேனுங்க சாமி. ஆனா லாமினேசன் பண்ணக் குடுத்திருக்குதுங்க. திங்கக்கெழம கொண்டாந்து உங்க கைலயே குடுத்தர்றேன்."

அபிநயா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். நல்லவேளை, வாய் திறக்கவில்லை.

மறுநாள் காளியாத்தாள் பண்ணைக்கு லீவு சொல்லிவிட்டு நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாள். ஜெராக்ஸ் கடை வைத்திருந்த கமலவேணி என்ற பெண்ணிடம் மூன்றையும் கொடுத்து, கெட்டிக் காகிதத்தில் கலர் ஜெராக்ஸ் எடுத்து, அசலுக்கும் நகலுக்கும் ஒன்றுபோல லாமினேஷன் போட்டுத் தரச் சொன்னாள்.

"எதுக்கக்கா இத்தன கெட்டியா?"

"ஊட்ல எலித் தொந்தரவு. கடிக்கறதுன்னா இதக் கடிக்கட்டும்."

கமலவேணி தொழிலில் கெட்டிக்காரி. எல்லாம் மிஷினிலிருந்து வெளியே வந்தபோது, எது அசல், எது நகல் என்று அவளே ஒரு கணம் தடுமாறினாள். காளியாத்தாள் அசலைக் கொண்டுபோய்ப் பரணில் கிடந்த பழைய மிக்சியின் அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள். மகளிடம் சொல்லவில்லை. பொய்யை முகத்தில் மறைக்கத் தெரியாத பெண் அது, அம்மாவைக் கொண்டு பிறக்கவில்லை.

திங்கட்கிழமை மருதாசலம் மூன்றையும் புரட்டிப் பார்த்தார்.

"லாமினேசன் பண்ணுனது நல்லதுதான். கறையான் அரிக்காது" என்று சொல்லிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அபிநயா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். காளியாத்தாள் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து அவளுடைய இன்னொரு சந்தேகம் ஆரம்பித்தது. இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் முதல் வருடம் என்றால் டீ வாங்குவது, கூட்டுவது, மேஸ்திரி கேட்கிற சாமானை எடுத்துக் கொடுப்பது. அளவு சொல்லும்போது மேஸ்திரி முதுகைக் காட்டிக்கொண்டு சொல்வார். அதனால் தினமும் மகள் செருப்பைக் கழற்றும் முன்பே விசாரணை தொடங்கிவிடும்.

"இன்னைக்கு என்ன பண்ணுன?"

"பிளேட்டு வெட்டுனேன்."

"டீ வாங்கப் போனியா?"

"இல்லம்மா."

"கூட்டுனியா?"

"என் எடத்த நான் கூட்டுனேன். அவங்கவங்க எடத்த அவங்கவங்க கூட்டறாங்க."

நம்பாமல் பையிலிருந்து தினக்குறிப்பு நோட்டை எடுத்துப் பார்ப்பாள். என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று எழுதி, ஜெகதீஸ்வரன் கையெழுத்துப் போட்டிருப்பான். மாதத்தில் இத்தனை நாள் பாடவகுப்பு என்று வேறு இருந்தது. உதவித்தொகை ஏழாம் தேதி என்றால் ஏழாம் தேதி மகளின் கணக்கில் ஏறியது. ஒவ்வொரு மாதமும் அவள் ஆறாம் தேதியே, இந்த மாதம் வராது பார் என்று சொல்லிவைத்தாள். ஒரு மாதமும் அவள் சொல் பலிக்கவில்லை. ஒருமுறை மகளின் மணிக்கட்டில் தீப்பொறி பட்டுக் கொப்பளித்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தாள். ஜெகதீஸ்வரனே காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு, புதிதாகக் கையுறையும் வாங்கிக் கொடுத்திருந்தான்.

நாலாம் மாதம் டேங்கரில் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்த்தார்கள். அபிநயா ஒட்டிய இடத்தில் ஒரு சொட்டு இறங்கவில்லை. அதற்கடுத்த டேங்கிலும் இல்லை. பிரித்து ஒட்டும் வேலை பட்டறையில் குறைந்துகொண்டே வந்தது. லாரிக்காரர்கள் வந்தால் ஜெகதீஸ்வரன் அந்த வெல்டிங் தையலைத் தொட்டுக்காட்டிப் பேசினான் என்று மகள் சொன்னபோது, காளியாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி களைந்தாள். சந்தோஷத்தைக் காட்டிக்கொண்டால் அதற்குக் கண் பட்டுவிடும் என்ற பயம்.

ஆடி மாதத்தில் அவளுக்கு மனசு உறுத்தியது. சொன்ன சொல் தவறாத இடத்தில் நாமல்லவா திருட்டுத்தனம் பண்ணிவிட்டோம் என்று தோன்றியது. அசல் மூன்றையும் எடுத்துக்கொண்டு, உண்மையைச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று பட்டறைக்கே போனாள். டீ நேரம். ஒரு பக்கம் கண்ணாடி கிளாஸ் நின்றது, இன்னொரு பக்கம் பேப்பர் கப். பெரிய தையல் போட்ட தன் மகள் பேப்பர் கப் பக்கம் நின்றாள். இனியன் மட்டும் எங்கும் இல்லை.

"அவன் நின்னு பத்து நாளாச்சும்மா. அவங்க மாமா ரிக்குல போயிட்டான்."

"முதலாளி அவங்க ஊட்டு வாசல்ல போயி நின்னாரா?"

"இல்ல. சின்னப் பையன், போகட்டும்னாரு."

காளியாத்தாள் மஞ்சப்பையோடு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள்.

மிக்சி பெட்டியை மகள் திறந்தது அதற்கடுத்த வாரம். பழைய மூடி ஒன்றைத் தேடினாளாம். அசல் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அப்ப பீரோல இருக்கறது என்ன?"

காளியாத்தாள் சொன்னாள்.

"என்னய ஏமாத்துக்காரி ஆக்கிட்டியே. அவங்க மொகத்த நான் எப்பிடிப் பாக்கறது? காலைல போனதும் சொல்லீருவேன்."

"சொல்லு. சொல்லீட்டு இதயுங் கொண்டுபோயிக் குடுத்துரு. போகும்போது வாங்கிக்க."

அபிநயா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அதே எட்டேகால் பஸ்ஸுக்குப் போனாள். மாலையில் வந்ததும் தானாகவே பேசினாள். பட்டறையில் காளிதாஸ் என்று ஒரு வெல்டர், இவர்கள் காலனிதான், ஆறு வருடமாக இருக்கிறான். மின்வாரியத்தில் ஆள் எடுக்கிறார்கள், சர்டிபிகேட் சரிபார்க்க அசல் வேண்டும் என்று போன வாரம் கேட்டிருக்கிறான். நாளைக்கு வா, நாளைக்கு வா என்று மருதாசலம் நாலு நாளாக இழுத்திருக்கிறார். கடைசி நாள் முடிந்தபிறகு, இப்போது எதற்கு என்று கேட்டிருக்கிறார்.

"சொன்னியா?" என்றாள் காளியாத்தாள்.

"சொல்லல."

அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. பிடித்து வைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும், அந்தப் பெண் ஒரு நாள் தவறாமல் வேலைக்குப் போனாள். அதைக் காளியாத்தாள் ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று பார்த்தாள்.

வருடம் முடிந்தது. பரீட்சையில் அபிநயா தேறினாள். அவள் பெயர் போட்ட சர்டிபிகேட் வந்தது. கோயம்புத்தூரில் பம்பு செய்கிற ஒரு கம்பெனி, அதை வைத்தே நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அவளுக்கு இந்தப் பட்டறையைவிட்டுப் போக அவ்வளவு ஆசையில்லை. முறையாக வேலை உத்தரவும் அதற்கேற்ற சம்பளமும் தருகிறேன் என்று ஜெகதீஸ்வரன் சொல்லியிருந்தான். அப்பாவிடம் கேட்டுவிட்டு நாளைக்கே அடித்துத் தருகிறேன் என்றும் சொன்னான். மறுநாள் மருதாசலம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினார்.

இந்த முறை நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன, ஆனாலும் உட்காரச் சொல்ல ஆளில்லை. ஜெகதீஸ்வரன் ஜன்னலோரம் நின்றான். மேஜையில் உத்தரவு எதையும் காணோம்.

"புள்ள நல்லாத்தான் வேலை பண்ணுது, இல்லீங்கல. இன்னும் ரெண்டு வருசம் இப்ப வாங்கறதுக்கே இருக்கட்டும். அப்பறமாப் பாத்துக்கலாம்" என்றார் மருதாசலம்.

"அப்பா, நான் வேற சொல்லியிருக்கறேன்."

"நீ சும்மா இரு. உத்தரவு கித்தரவுன்னு எதுக்கு இப்பவே. எங்க போயிரப் போகுது?" பீரோவைத் திரும்பிப் பார்த்தார். "சர்டிபிகேட் பத்தரமா இருக்குது."

அபிநயா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காளியாத்தாள் அவள் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"இருக்கட்டுமுங்க சாமி. வெச்சுக்கங்க."

மருதாசலத்தின் முகம் தெளிந்தது. "அதான பாத்தேன். நீ வெவரமானவ."

"அது கலர் ஜெராக்ஸுங்க."

மஞ்சப்பையிலிருந்து மூன்றையும் எடுத்து மேஜைமேல் பரப்பினாள். கொடுக்கவில்லை. தன் உள்ளங்கையை அவற்றின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டாள். மருதாசலம் எழுந்தார். பீரோவைத் திறந்தார். உள்ளிருந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தடவிப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது.

"ஒரு வருசமா என்னய ஏமாத்தியிருக்கற."

"ஆமாங்க."

அவள் அப்படி ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"நம்பிக்கைக்குன்னு கேட்டீங்க. ஒரு வருசம் நம்புனீங்க. உள்ள இருந்தது வெறும் ஜெராக்ஸு, அது இந்தப் புள்ளைக்கும் ஏழு மாசமாத் தெரியுமுங்க. ஒரு நாள் வேலைக்கு வராம நின்னுச்சுங்களா? நின்னுக்கிட்டது ஆருங்க? அவங்க ஊட்டு வாசல்ல போயி நின்னீங்களா?"

மருதாசலம் மகனைப் பார்த்தார். ஜெகதீஸ்வரன் இந்த முறை காகிதம் எதையும் தேடவில்லை.

"அந்தக்கா சொல்றது செரிதானுங்கப்பா. எழுதிப் போட்ட ஒப்பந்தத்துக்குத்தான் அந்தப் புள்ள வேலைல இருந்துச்சு. பூட்டி வெச்சதுக்கு இல்ல."

ஆபீஸ் கதவு திறந்தே கிடந்தது. சாப்பாட்டு மணி அடித்து வெகுநேரமாகியிருந்தது, வெளியே ஒருத்தரும் சாப்பிடப் போகவில்லை. காளிதாஸ் கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அவன் குரலில் கோபம் இல்லை.

"ஐயா, என்னுது ஒரிஜினலுங்க. நான் ஏமாத்தலீங்க. எடுத்துக் குடுத்துருங்க."

அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன் வந்து நின்றான். அவனுக்கும் பின்னால் நாலு பேர். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மருதாசலம் ஒருவன் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெகதீஸ்வரன் பீரோவிலிருந்த ஃபைல்களை அள்ளி மேஜைமேல் வைத்து, மேலே எழுதியிருந்த பெயர்களைப் படிக்கத் தொடங்கினான்.

காளியாத்தாள் தன் மூன்றையும் பையில் போட்டாள். ஜெராக்ஸையும் விடவில்லை, அதற்கும் காசு கொடுத்திருக்கிறாள். போகலாம் என்று அபிநயா இழுத்தபோது அவள் நகரவில்லை. காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உத்தரவு அடிக்கறதுன்னா அடிங்க தம்பி. மொதல்ல எங்கிட்டக் குடுங்க, நான் படிச்சுப் பாக்கோணும். கையெழுத்துப் போடறதா, கோயமுத்தூருக்குப் போறதான்னு அப்பறம் அது முடிவு பண்ணிக்கும்."

மருதாசலம் அதைக் காதில் வாங்கவில்லை. இனி யாரை நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. மகன் பெயர் படித்துக் கொடுக்கும் முன்பு ஒவ்வொரு சர்டிபிகேட்டையும் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். காளிதாஸுடையது அசல். அடுத்ததும் அசல். அபிநயாவுடையதைத் தவிர, இருபது வருடத்தில் அந்தப் பீரோவுக்குள் வந்தவை அத்தனையும் அசலாகவே இருந்தன. எங்கே வந்து கேட்பது என்று அவர் சொன்ன ஆட்கள்தான் அவற்றைக் கொடுத்திருந்தார்கள்.